இரண்டாவது ஊதல்

பட்டாளத்து மரியாதையோடு ஒருவரை அடக்கம் செய்யும்போது பிகில் என்கிற பித்தளைக் குழலை இரண்டு தடவை ஊத வேண்டும். குழி வெட்டுகிற ஆளிலிருந்து சம்பந்தி வீட்டுக்காரர் வரை ஒவ்வொருவரிடமும் இதை நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். "மொத ஊதல் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காதுங்க. முடிஞ்சுபோச்சுன்னு யாரும் திரும்பிறாதீங்க. ரெண்டாவது ஒண்ணு இருக்குது." கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். நான் விடமாட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். ராவுத்தருக்கு வயசாகிவிட்டது, சொன்னதையே சொல்கிறார் என்று குன்னூர் பஜாரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த எஸ்டேட்டில் நாலு மாதம் நடந்ததைப் பார்த்திருந்தால் அவர்களுடைய பல் வெளியே தெரிந்திருக்காது.

வெள்ளைக்காரன் காலம் அது. முதல் சண்டை முடிந்து பல வருஷம் ஆகியிருந்தது, அடுத்த சண்டையை யாரும் நினைக்கவில்லை. பஜாரில் எங்களுக்கு ஒரு கடை. குடை, கம்பளி, மெழுகுவத்தி, ஆணி, லாந்தர் கண்ணாடி என்று மலையில் இருப்பவனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். அத்தா காலத்திலிருந்தே மேலே பட்டாளத்து முகாமுக்கு முட்டையும் காய்கறியும் பர்லியார் தோட்டத்துப் பழமும் நாங்கள்தான் அனுப்பினோம். அந்தப் பழக்கத்தில் எனக்கு அரைகுறை இந்துஸ்தானியும் கால்வாசி இங்கிலீஷும் வந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய் யாராவது இறந்தால், அதிகாரியிடம் சொல்லிக் கொடி வாங்கி, நாலைந்து சிப்பாய்களையும் ஒரு பிகில்காரரையும் கூட்டிவர வீட்டார் என் கடைக்குத்தான் வருவார்கள். மெடல் வாங்கினவர் என்றால் அதிகாரி மறுப்பதில்லை. கேட்டால் கிடைக்கும், கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது. நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாலே எதிர்க்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்பார்.

இந்த மரியாதையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மெதுநடை நடப்பார்கள். நம் ஆட்களின் தப்பு மேளம் வேறு வேகத்தில் போகும். சிப்பாய் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் தப்புக்காரர்கள் ஒரு ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள். ஒரு தடவை பிணம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது, மரியாதை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். அதுவரை நான் ஏற்பாடு செய்ததில் பெரும்பாலானவை வேதக்காரர்களின் அடக்கம். அங்கே பாதிரியார் நகர்ந்தால்தான் கூட்டம் நகரும். பிகில் இரண்டு தடவையும் குறைவில்லாமல் ஊதப்பட்டது.

ஹவில்தார் விஷயம் அப்படி இல்லை.

அவர் கோத்தகிரி வழியில் ஒரு எஸ்டேட்டில் பகல் காவலுக்கு இருந்தார். துரையிலிருந்து கொழுந்து எடுக்கிற பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். சண்டையில் ஏதோ பாலைவனத்தில் குண்டு பட்டு வலது கால் சூம்பிப்போயிருந்தது. ஆனாலும் பட்டாளத்து பூட்ஸை விடமாட்டார். இடது கால் டக்கென்று விழும், வலது கால் சர்ரென்று இழுபடும். டக், சர்ர். டக், சர்ர். தேயிலைக்காட்டில் மூட்டம் இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, இந்தச் சத்தம்தான் தெரியும். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையை ஓட்டுவார்கள். பூட்ஸுக்கு லாடம் வாங்க அவர் என் கடைக்கு வருவார். வலது பூட்ஸின் லாடம்தான் எப்போதும் முதலில் தேயும். "கெட்ட காலுக்குத்தான் ராவுத்தரே செலவு அதிகம்" என்பார்.

அவருடைய மனைவிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். வீட்டார் வேண்டாம் என்று சொல்லியும் நொண்டிக் காலைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். பிள்ளை குட்டி கிடையாது. பிறந்த வீட்டுக் கதவு அன்றைக்கு மூடியது மூடியதுதான். தொழிலாளிகள் குடியிருக்கும் லைனில் கடைசி வீடு அவர்களுடையது. ஒரு வெள்ளாடு வளர்த்தாள். பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த நீல விளிம்பு போட்ட ஒரு பீங்கான் குவளை இருந்தது. வேலை முடிந்து அவர் திரும்பும் நேரத்துக்கு அதில் ஆட்டுப்பால் டீயை ஊற்றி, வாசலுக்கு உள்பக்கம் இருந்த மாடத்தில் வைத்துவிடுவாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்றுவார்.

ஆவணி மாதம் காய்ச்சலில் ஹவில்தார் போய்விட்டார். எஸ்டேட் மேஸ்திரி என் கடைக்கு வந்தார். பெரிய குரல், பெரிய உடம்பு, ஆனால் கெட்ட மனிதர் இல்லை. "மெடல் வெச்சிருந்தாருங்க ராவுத்தரே. வெடி போட்டு எடுக்கோணும்னு லைன்ல அத்தனை பேரும் ஆசைப்படறாங்க" என்றார். நான் கோட்டை மாட்டினேன்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஹவில்தாருக்குப் பிள்ளை இல்லாததால் மேஸ்திரியே நீர்க்குடம் எடுத்தார். எட்டாம் நம்பர் தேயிலைக்காட்டுக்கு மேலே, சோலையை ஒட்டிக் குழி. பெண்கள் வழக்கப்படி லைனோடு நின்றுகொண்டார்கள். மண் தள்ளியதும் சிப்பாய்கள் வானத்தைப் பார்த்து மூன்று தடவை சுட்டார்கள். பிறகு பிகில்காரர் முன்னால் வந்து முதல் ஊதலை ஊதினார். பட்டாளத்தில் ராத்திரி எல்லோரும் படுக்கப் போகும்போது ஊதுவது அது. நீளமாக இழுத்து, தேய்ந்து தேய்ந்து முடியும். அது முடிந்தபின் சிப்பாய்கள் தலைகுனிந்து நின்றார்கள். நான் கொடியை மடித்துக் கையில் வைத்திருந்தேன். மூட்டம் சோலையிலிருந்து இறங்கி எங்கள் முழங்கால் வரை வந்துவிட்டது. யாரும் மூச்சுவிடவில்லை.

அந்த அமைதி எதற்கு என்று மேஸ்திரிக்குத் தெரியாது. முடிந்தது என்று நினைத்தார். தோளில் இருந்த குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தார், லைனைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். குடம் உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவர் பின்னால் போகிற யாரும் பார்க்கக் கூடாது. கூட்டம் மொத்தமும் குழிக்கு முதுகைக் காட்டிவிட்டது. அப்போதுதான் பிகில்காரர் இரண்டாவது ஊதலுக்காகப் பிகிலை உதட்டில் வைத்தார். ஒரு சின்னச் சத்தம்தான் வந்திருக்கும்.

"பின்னாடி இருந்து கூப்படாதீங்க!" மேஸ்திரி திரும்பாமலே கத்தினார். "சுடுகாட்ல பின்னாடி இருந்து கூப்படக் கூடாதுங்க! ஊதாதீங்க!"

அவர் சொன்னதும் நியாயம்தான். சுடுகாட்டிலிருந்து போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் எது கூடவே வரும் என்று யாருக்குத் தெரியும்? பிகில்காரர் என்னைப் பார்த்தார். கூட்டம் மூட்டத்துக்குள் போய் மறைந்துவிட்டது. பிகில் கீழே இறங்கியது.

அந்தப் பிகில்காரர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர். நன்றாக ஊதுவார், அதைவிட நன்றாகப் பேசுவார். அன்று இறக்கத்தில் குன்னூர் நெருங்கியபோதுதான் வாயைத் திறந்தார். "மொத ஊதல் படுக்கப் போடுறது அண்ணாச்சி. ரெண்டாவது காலையில எழுப்புறது. எழுந்திரிச்சாத்தானே அந்தப் பக்கம் போக முடியும்? ஹவில்தாரைப் படுக்கப் போட்டுட்டு எழுப்பாம வந்துட்டோம்லா."

"அதெல்லாம் ஒரு மரியாதைக்கு ஊதறதுப்பா" என்றேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மலையில் கடை வைத்திருப்பவன் அதையெல்லாம் நம்பினால் பொழுது சாய்வதற்குள் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஐப்பசியில் மேஸ்திரி மறுபடி வந்தார். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது. எட்டாம் நம்பர் காட்டில் பெண்கள் கொழுந்து எடுக்க மாட்டேன் என்கிறார்களாம். பகலில், மூட்டம் இறங்கினதும், சத்தம் கேட்கிறதாம்.

"என்ன சத்தம்?"

"உங்களுக்குத் தெரியாதாங்க? டக்குனு ஒண்ணு, சர்ருனு ஒண்ணு."

கடமானாக இருக்கும் என்றேன். கரடி என்றேன். மலையில் இருக்கிற மிருகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரடி லாடம் கட்டியிருக்குமுங்களா?" என்றார். கல்லில் லாடம் தேய்ந்த கீறல் புதிதாக இருக்கிறதாம். வலது கால் பக்கம் மட்டும்.

அதோடு போகவில்லை. அந்தச் சத்தம் சாயங்காலம் லைனின் கடைசி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது என்று அக்கம்பக்கம் பயந்து கிடந்தது. இரண்டு வீட்டார் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேல் லைனுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் சேர்ந்து துரையிடம் போய், அந்த அம்மாளை அனுப்பினால்தான் வேலைக்கு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். துரைக்குப் பேயும் தெரியாது, பெண்ணும் தெரியாது, கொழுந்து நின்றது மட்டும்தான் தெரியும். மார்கழி பிறந்ததும், மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆள் இறந்தபின் வீடு எஸ்டேட்டுக்குத்தானே சொந்தம்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேஸ்திரிமேல், துரைமேல், செத்தும் அடங்காத அந்த நொண்டிக் காலின்மேலும்தான். வீட்டில் போய்க் கத்தினேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம ஊட்டுப் பொறத்தாலே ஒரு ரூம் சும்மாதானே கெடக்குது. அந்தம்மாவை இங்க கூட்டிட்டு வந்துருங்க. நாம திங்கறதுல ஒரு கை" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாளே எஸ்டேட்டுக்குக் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். நல்ல வெளிச்சமாக இருந்த லைன், நான் கடைசி வீட்டை எட்டுவதற்குள் வெள்ளையாகிவிட்டது. அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். புருஷன் செத்ததிலிருந்து அவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று லைனில் ஒரு பேச்சு இருந்தது. முகத்தைப் பார்த்தேன். அழுத முகம் இல்லை, யாரையோ எதிர்பார்த்து நிற்கிற முகம்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி சொன்னதையும் சொன்னேன். அவள் குவளையில் டீ ஊற்றிக்கொண்டே கேட்டாள். ஊற்றி முடித்ததும் எனக்குத் தரப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் அதைக் கொண்டுபோய் மாடத்தில் வைத்துவிட்டு, எனக்கு வேறு டம்ளரில் கொண்டுவந்தாள்.

"உங்கூட்டம்மாவுக்கு நல்ல மனசுங்க" என்றாள். "ஆனா நான் அங்க வந்துட்டா, அவரு இங்க வந்து யாரைத் தேடுவாருங்க?"

டீயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் கேட்டது.

காட்டுப்பாதையில் தூரத்தில் ஒரு டக். பிறகு ஒரு சர்ர். இது ஏதோ மரம் உரசுகிற சத்தம் என்று நினைக்கத் தொடங்கினேன், நினைத்து முடிப்பதற்குள் அடுத்தது கேட்டது. நிதானமாக, அவசரமே இல்லாமல், வேலை முடித்து வீட்டுக்கு வருகிற ஆளின் நடை. லைனில் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தும் சத்தம் அதற்கு முன்னால் ஓடி வந்தது. வாசலில் படுத்திருந்த வெள்ளாடு எழுந்தது. மிரளவில்லை. எழுந்து ஓரமாக நகர்ந்து வழிவிட்டு நின்றது. டக்கென்று வாசற்கல்லில் ஒன்று விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. வாசலில் வெள்ளை மூட்டம் மட்டும்தான். பூட்ஸுக்குப் போடுகிற எண்ணெய் வாசம் அடித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைக்கவில்லை, ஆனால் வைத்த மாதிரிதான் இருந்தது.

நான் மாடத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குவளையில் டீ குறைந்ததா இல்லையா என்று கேட்காதீர்கள். வேண்டுமென்றே பார்க்கவில்லை. என் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, சலாம் சொன்னேனா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் இறங்கிவிட்டேன். பேய் என்று ஒன்று கிடையாது என்று சொல்லிக்கொண்டே, பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். மேட்டுச்சாலை வந்ததும்தான் ஓதலை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் அவளே கடைக்கு வந்தாள். அவளுக்கு இரண்டு ஊதலும் தெரிந்திருந்தது. ஹவில்தார் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்க ராவுத்தரே, அந்த ரெண்டாவது ஊதுனா நெசமாலுமே போயிருவாருங்களா?"

"போயிருவாரு அம்மிணி" என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, அவள் கேட்க வந்த பதில் அது இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகத் திரும்பியிருப்பாள். ஊதினால் வீடு மிஞ்சும், அவர் போய்விடுவார். ஊதாவிட்டால் வீடும் போகும், தேடி வருகிறவரும் ஆளில்லாத வாசலில் நிற்பார். அவள் என் குடைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் ஆள் வந்து போனார்கள். நான் அளந்து கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்தேன்.

"ஊடு போனாப் போகட்டுமுங்க" என்றாள் கடைசியில். "எங்கயாச்சும் கெடந்துக்குவேன். அவரு காலுதானுங்க. மொதல்லயே சூம்புன காலு. சாயங்காலம் வந்தா நான்தான் வெந்நி ஊத்தி நீவி உடுவேன். இப்ப நாலு மாசமா நடக்கறாரு, நடக்கறாரு, பூட்ஸைக் கழட்ட முடியலை, நீவி உட நான் தொடவும் முடியலை. வாசல்ல வந்து நிக்கறப்ப அந்தக் காலு நடுங்கறது எனக்குக் கேக்குதுங்க. அந்தக் காலை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு நடப்பாரு? ஊதச் சொல்லிருங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆணிப் பெட்டியை இழுத்து, கலந்து கிடந்த ஆணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரியிடம் போனேன். அவர் தங்கமான மனிதர்தான், ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு அடக்கம்தான் என்றார். போன தடவை பாதியில் நின்றுவிட்டது என்று என் கால்வாசி இங்கிலீஷில் விளக்கினேன். பாதி அடக்கம் என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. அவர் ஊரில் குடம் உடைக்கிற வழக்கம் இல்லையே. தோளில் தட்டி அனுப்பிவிட்டார். முகாம் வாசலில் பிகில்காரர் விஷயம் தெரிந்து காத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள், "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் எனக்கு லீவு அண்ணாச்சி. பிகிலைப் பழகுறதுக்குன்னு எடுத்துக்கிட்டு வாறேன். எனக்கும் அது தொண்டையிலேயே நிக்கி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் போனோம். அடுத்த சிக்கல் மேஸ்திரியிடம் இருந்து வந்தது. சாவு விழாமல் சுடுகாட்டுக்குப் போகலாமா? போனால் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? அரை மணி நேரம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் மேஸ்திரியே ஒரு வழி சொன்னார். அன்றைக்கு எந்த இடத்தில் முதுகைத் திருப்பினோமோ, அதே இடத்தில் அதே மாதிரி முதுகைக் காட்டி நிற்போம். இது புது அடக்கம் இல்லை, பழையதுதான் இன்னும் முடியவில்லை. எங்களைக் கூப்பிட ஊத வேண்டாம், அவரைக் கூப்பிட ஊதுங்கள். இதைவிடச் சரியாக மார்க்கம் படித்த எந்த ஆலிம் தீர்ப்புச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் அத்தனை பேரும் பாதையில் லைனைப் பார்த்து நின்றார்கள். பெண்கள் வரக்கூடாது என்பதால் அந்த அம்மாள் எட்டாம் நம்பர் காட்டின் கீழ் ஓரத்தில் நின்றாள், அவளும் திரும்பித்தான் நின்றாள். குழியைப் பார்த்து நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், பிகில்காரரும் நானும். மண் இறங்கிப் புல் முளைத்திருந்தது. அன்று உடைந்த குடத்தின் ஓடுகள் அப்படியே கிடந்தன. பறவைச் சத்தம்கூட இல்லை. மூட்டம் மரங்களுக்குள்ளேயே நின்றது, வெளியே வரவில்லை.

"மொத ஊதல் வேண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது அவருக்குக் கெடச்சாச்சு" என்றார் பிகில்காரர். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். நாலு மாதத்துக்கு முன்னால் தொடங்கிய அமைதியின் மிச்சம் அது. பிறகு பிகிலை எடுத்து ஊதினார்.

இரண்டாவது ஊதலில் துக்கமே கிடையாது. துள்ளித் துள்ளிப் போகும், சோம்பேறியைப் போர்வையை உருவி எழுப்புகிற மாதிரி. சோலையில் பட்டு எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அது அடங்கின பிறகு நான் கேட்டதைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நானே நம்பாத ஆள்தான்.

எனக்கு வலதுபுறம், சோலைக்குள் போகிற கல்பாதையில், பூட்ஸ் சத்தம். டக், டக், டக், டக். இரண்டு காலும் ஒரே அழுத்தம். இழுப்பு இல்லை, தேய்ப்பு இல்லை. இளவட்டச் சிப்பாயின் நடை. மூட்டத்துக்குள் அது போய்க்கொண்டே இருந்து, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றுபோனது. பாதையில் நின்ற ஆண்கள் ஒருவரும் திரும்பவில்லை. மேஸ்திரி மட்டும், முதுகைக் காட்டியபடியே, தலையில் இருந்த உருமாலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நாங்களும் திரும்பிப் பார்க்காமல் இறங்கினோம்.

திங்கட்கிழமை எட்டாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுத்தார்கள். மேல் லைனுக்குப் போன இரண்டு வீட்டாரும் சாமான்களோடு திரும்பி வந்தார்கள். அந்த அம்மாளைக் காலி பண்ண வேண்டாம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு வேலையும் தரலாம் என்று துரை சொல்லிவிட்டதாக மேஸ்திரி ஆள் அனுப்பினார். எல்லோருக்கும் நல்லது நடந்துவிட்டது. நானும் பஜாரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறாள். முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தாள். எடுத்துக் கடைப் பலகைமேல் வைத்தாள். நீல விளிம்புக் குவளை. விளிம்பு வரை டீ. வழியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் எப்படிக் கொண்டுவந்தாள் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வெச்சதுங்க" என்றாள். "நேத்தும் பார்த்தேன். இன்னிக்கும் பார்த்தேன். ஆடை படிஞ்சு அப்படியே கெடக்குதுங்க."

குவளையைப் பார்த்தேன். டீயின்மேல் ஆடை தடித்துச் சுருங்கியிருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் பார்த்து நின்னீங்களே, ராவுத்தரே. எப்படிப் போனாருங்க?"

"பார்க்கலை அம்மிணி. கேட்டேன்." குவளையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். "நொண்டாமப் போனாரு."

அவள் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அழுதாள். ஆவணியில் அழ வேண்டியது, மார்கழியில், என் குடைகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவில், பஜாரே நின்று பார்க்கும்படி அழுதாள். எதிர்க்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"ஹவில்தாருங்க" என்றேன்.